கை தூக்க வேண்டாம் என்றவர்

“அந்தாளு நாளைக்கு மாறிட்டாருன்னா எப்படிண்ணா இறக்குவீங்க?”

கூட்டேரிப்பட்டு வியாபாரிகள் கூட்டத்தில் டீக்கடை காந்திமதி இப்படிக் கேட்டபோது நானும் அங்கே இருந்தேன். பதில் சொல்ல வேண்டிய அரங்கநாதன் சிரித்துக்கொண்டே மைக்கைக் கீழே வைத்துவிட்டார்.

அரங்கநாதன் திண்டிவனத்தில் பொருளாதாரம் படித்தவர். வேலை கிடைக்காமல், பஸ் நிற்கும் இடத்தில் தள்ளுவண்டி போட்டு அவித்த வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, விற்றார். வாங்குகிறவரும் விற்கிறவரும் பேசி விலையை முடித்துக்கொள்ளட்டும், நடுவில் யாருக்கும் வேலையில்லை என்பது அவர் கொள்கை. வியாபாரிகள் சங்கமோ கைதூக்கி ஓட்டெடுத்து எல்லாருக்கும் ஒரே விலை வைத்தது. அவர் குறைத்து விற்றார். சங்கத்து ஆட்கள் வந்து அடுப்பில் தண்ணீர் ஊற்றினார்கள். பத்துப் பேர் சேர்ந்து கை தூக்கினால் அநியாயம் நியாயமாகிவிடுமா என்று வருஷக்கணக்காகக் குமுறினார். அந்தக் குமுறலில் தப்பில்லை.

பிறகு லாரிக்காரர் நடராசன் சங்கத்தைக் கையில் எடுத்தார். அவரவர் இஷ்டத்துக்கு விற்கலாம், ஆனால் இனிமேல் தேர்தல் கிடையாது என்றார். அரங்கநாதனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஓட்டு வெறும் வழிதான், வியாபாரச் சுதந்திரம்தான் முக்கியம் என்று அவரே மேடையேறிப் பேசினார். காந்திமதி கேள்வி கேட்டது அப்போதுதான். அதோடு தேர்தல் ஒழிந்தது.

கொஞ்ச காலம் நன்றாகவே போனது. அப்புறம் நடராசனின் மருமகன் பக்கத்திலேயே மல்லாட்டைக் கடை திறந்தான். குறைத்து விற்காதே என்று அரங்கநாதனிடம் நடராசன் ஆள் அனுப்பினார். அவர் கேட்கவில்லை. மறுநாள் வண்டி சாலையோரப் பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்தது.

கூட்டம் போடுங்கள் என்று கடை கடையாகக் கெஞ்சினார். எல்லாரும் வேலையாக இருப்பதுபோல் குனிந்துகொண்டார்கள். காந்திமதி மட்டும் வாய் திறந்தாள்.

“கூட்டம் போட்டு இன்னாண்ணா பண்றது? கை தூக்கறதையே நீங்கதான வாணாம்னு சொன்னீங்க?”

“சுதந்திரம் குடுத்தாரேம்மா.”

“குடுத்தாரு. இப்ப வாங்கிக்கினாரு. டீ குடிச்சிட்டுப் போங்க.”

அவர் டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

இப்போது விழுப்புரம் பஸ்களில் ஏறி மல்லாட்டைப் பொட்டலம் விற்கிறார். விலை அவர் வைப்பதுதான். கண்டக்டர் இறங்கச் சொன்னால் பேசாமல் இறங்கிவிடுகிறார்.

வியாபாரம் நடந்தால் போதும், ஓட்டு எதற்கு என்று யாராவது சொன்னால் அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அரங்கநாதன் கதையைச் சொல்லுங்கள். கேட்டவரை இன்னொருவருக்கும் சொல்லச் சொல்லுங்கள்.