முளைக்காத முளைப்பாரி

எனக்கு வீடு கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில். வேலை ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில். மாதா கோயிலுக்குப் போகிறவளுக்கு மாரியம்மன் திருவிழாவில் என்ன வேலை என்று கேட்பீர்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் வந்து கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? வேடிக்கை பார்க்கவும் எனக்குப் பிடிக்கும், அதை ஏன் மறைக்க வேண்டும்? திருவிழாவுக்குச் சில நாள் முன்னால் ஆளுக்கொரு சட்டியில் மண்ணும் எருவும் நிரப்பி, வீட்டிலிருந்து கொண்டுவந்த பயறு, காராமணி, மொச்சையை விதைத்து, ஓர் இருட்டுக் காம்பராவில் வைத்துப் பூட்டுவார்கள். வெளிச்சம் படாத முளைகள் வெளிறிய மஞ்சளாய் நெடுநெடுவென்று வளரும். அந்த முளைப்பாரியைத் தலையில் சுமந்து கோயிலுக்கு ஊர்வலம் போகும்போது பார்க்க வேண்டுமே, அவ்வளவு அழகு!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம், பள்ளிக்கூடத்தை ஒட்டிய லயத்தில் இருந்த ஒருத்தியின் சட்டி மட்டும் முளைக்கவில்லை. அவளுக்குக் கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. மாமியாருக்கு இதுவே போதுமாக இருந்தது.

"கைராசி கெட்டவ. மண்ணுலயே முளைக்கல, வயித்துல எங்க முளைக்கப்போவுது?" என்று லயம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். மருமகளைக் கலகெதரவில் இருக்கும் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மகனுக்கு வேறு பெண் பார்க்கப் போவதாகவும் சொல்லிவிட்டாள். மகன் கொழுந்தைத் தூளாக்கும் தேயிலை ஸ்டோரில் வேலை பார்த்தவன். வாயில் கொழுக்கட்டையை வைத்தவன் மாதிரி நின்றுகொண்டிருந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை நாலு அறை விட்டிருப்பேன்.

அழுதுகொண்டிருப்பாள், ஆறுதல் சொல்வோம் என்று அவளைத் தேடிப் போனேன். அவளோ சட்டியைச் சாக்கின் மேல் கவிழ்த்து, ஒவ்வொரு விதையாக நகத்தால் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சரம்மா, இதப் பாருங்க. ஊறியிருக்கு, உப்பியிருக்கு. ஆனா உள்ள முளை அசையவே இல்ல, அழுகிக் கெடக்கு. ஏன் இப்படி?"

"விதையை எங்கே வைத்திருந்தாய்?" என்றேன்.

"மழையில வண்டு வச்சிரும்னு, அவரு தகர டப்பால போட்டு மூடி, ஸ்டோர்ல தூள் காயிற அடுப்புக்குப் பக்கத்துல வச்சாருங்க. வெத சரியாக்கூடக் காயல, அங்க சூட்டுல காஞ்சிரும்னாரு."

மழைக்காலத்தில் அந்த மலையில் தீக்குச்சி கூட நமுத்துப்போகும். ஸ்டோரில் வேலை பார்ப்பவனுக்குத்தான் அந்த அடுப்போர வசதி. மற்ற வீட்டார் விதையைச் சாம்பலில் புரட்டிப் பானையில் போட்டுவைத்தார்கள். இப்படி ஒரு தப்பைச் செய்ய ஸ்டோர்க்காரனால் மட்டுமே முடியும்.

கண்டியில் பள்ளித் தோட்டம் பற்றி ஆசிரியர்களுக்கு நடந்த வகுப்பு எனக்கு ஞாபகம் வந்தது. விவசாய இலாகாவிலிருந்து வந்த யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் புதிதாகக் கண்டுபிடித்ததையெல்லாம் சொன்னார். "விதை எண்டால் செத்த சாமான் இல்லை. டப்பாக்குள்ள கிடந்தாலும் மெல்ல மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும். ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் செத்துப்போகும், வெளியில ஒண்டும் தெரியாது" என்றார். அதைக் கேட்ட பிறகு கொஞ்ச நாள் பயறு அவிக்கவே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

அதை அவளிடம் சொன்னேன். கண்ணிமைக்காமல் கேட்டாள்.

"டப்பாவுல இன்னும் கொஞ்சம் கெடக்கு. சோதிச்சுப் பாத்துருவோம் டீச்சரம்மா."

"அதையும் பக்கத்து வீட்டு விதையையும் தனித்தனியாக விதைத்துப் பார்."

"பக்கத்து வீட்டு வெத முளைச்சா, அது அவங்க வீட்டு ராசின்னு சொல்லிருவாங்க. டப்பா வெதய அத்தையே வெதைக்கட்டும். பக்கத்து வீட்டு வெதய நான் வெதைக்கிறேன். ஒரே மண்ணு, ஒரே தண்ணி."

அடி ஆத்தாடி! எவ்வளவு பெரிய ஆராய்ச்சிக்காரரும் இதற்கு மேல் என்ன செய்துவிடுவார்? அந்த லயத்து வாசலில் நின்று அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

அன்று மாலையே பெண்கள் கூடியிருந்த இடத்தில் மாமியாரிடம் பேச்சை எடுத்தாள். "என் கைதான் கெட்டதுன்னா, அதே வெதய நீங்க வெதைங்க அத்தை. பக்கத்து வீட்டு வெதய நான் வெதைக்கிறேன். உங்களுக்கு முளைச்சா நான் வாயத் தொறக்காம கலகெதரைக்குப் போயிர்றேன்."

கிழவிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "என் கை பட்டா கல்லும் முளைக்கும்டி" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு சட்டியையும் ஒரே கூடையால் மூடினார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒரே குவளையால் இரண்டுக்கும் தண்ணீர் தெளித்தாள்.

எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. டப்பா விதையில் கொஞ்சம் உயிர் மிஞ்சியிருந்தால் இவள் கதி என்ன? அந்த ஐயா சொன்னது பொய்யாகிவிட்டால்? மாரியம்மன் விதைக்காக மாதாவிடம் ஜெபமாலை சொன்னவள் கண்டிச் சீமையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கூடையைத் தூக்கும் நாளில் லயமே அந்த வாசலில் கூடியிருந்தது. மருமகளின் சட்டியில் மஞ்சள் முளைகள் அடர்ந்து நின்றன. மாமியாரின் சட்டியில் வெறும் மண். கிழவி விரலை விட்டுக் கிளறினாள். உப்பி அழுகிய பயறு நகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"என்ன பெரியம்மா, உங்க கைக்கும் ராசி போயிருச்சா?" என்று பக்கத்து வீட்டுக்காரி சீண்டினாள்.

"வெத செத்துக் கெடந்தா கை என்னடி பண்ணும்?" என்று கிழவி சீறினாள்.

"அதத்தான் அத்தை நானும் சொல்றேன்" என்றாள் இவள்.

மகன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "டப்பாவ அடுப்போரம் வச்சது நாந்தான் ஆத்தா. அவ மேல ஒரு தப்பும் இல்ல. அவ எங்கயும் போக மாட்டா." ஒருவழியாகப் பேசினானே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"சரி சரி, உள்ள போயி உலைய வை" என்றாள் கிழவி, யார் முகத்தையும் பார்க்காமல்.

மருமகள் அசையவில்லை. வாசற்படி ஓரத்தில் ஒரு துணிமூட்டை இருந்தது. தன் கையை அவ்வளவு நம்பி, காலையிலேயே மருமகளின் சேலைகளை மூட்டையாகக் கட்டி வைத்திருந்தாள் கிழவி.

"கட்டுனது நீங்கதான அத்தை," என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "நீங்களே அவுத்து வைங்க."

கிழவி மகனைப் பார்த்தாள். பெண்களைப் பார்த்தாள். மெல்லக் கீழே உட்கார்ந்து, இறுகிக் கிடந்த முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டாள்.