கரி வண்டியும் கருப்பனார் மேடும்

கண்டக்டர் வேலை என்றால் டிக்கெட் கிழிப்பது என்று நினைத்துத்தான் நானும் சேர்ந்தேன். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரியில் ஓடிய காலம் அது. ராசிபுரத்திலிருந்து திருச்செங்கோட்டுக்கு ஓடிய எங்கள் வண்டியின் பின்னால் ஆளுயர அடுப்பு ஒன்று இருந்தது. அதில் கரியைப் போட்டு, விசிறிச் சக்கரத்தைக் கையால் சுற்றினால்தான் எஞ்சின் கண் திறக்கும். சுற்றுகிறவன் கண்டக்டர். கரி பஸ்ஸில் போய் வேட்டி கறுத்த பெரியோர்களே, என்னைத் திட்டியிருப்பீர்கள். நான் பட்ட பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

அடுப்பு

ஒரு நாள் காலை அரை மணி நேரம் சுற்றியும் புகைதான் வந்தது. கத்தரிக்காய்க் கூடையோடு நின்ற ஓர் அம்மாள் நான் படும் பாட்டைப் பொறுமையாகப் பார்த்தாள். பிறகு கூடையை இறக்கி வைத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தாள்.

"சோறு வடிச்சதும் கூப்புடுங்க சாமி."

எண்ணெய்க் குளியல்

எங்களுக்குப் பின்னாலேயே எதிர்க் கம்பெனியின் புது வண்டி கிளம்பும். அதுவும் கரிதான், ஆனால் எஞ்சின் பூனை மாதிரி ஓடும். அது பலமுறை எங்களை முந்திவிட்டது. முதலாளி என்னையும் டிரைவர் மாரப்பண்ணனையும் கூப்பிட்டு, "இன்னொருக்கா அவன் முந்துனா ரெண்டு பேரும் ஊட்டுக்குப் போயிருங்க" என்றார். அப்போது என் மனைவிக்குத் தலைப்பிள்ளை, ஆறு மாதம்.

அந்தச் சனிக்கிழமையே ஒரு பண்ணையக்காரர் தோட்டத்து ஆளை அனுப்பி வண்டியை நிறுத்தினார். அவர் தலையில் எண்ணெய் வைத்து ஊறிக்கொண்டிருந்தாராம். வாரம் தவறாமல் வருகிற ஆள், விட்டுவிட்டுப் போக முடியாது. நான் கிணற்றடிக்கே ஓடிப் போய்க் கெஞ்சினேன். அவர் சீயக்காயைக் குழைத்தபடி நிதானமாகச் சொன்னார்:

"அவசரத்துல குளிச்சுச் சளி புடிச்சா, உங்க முதலாளியா வந்து கசாயம் வெச்சுக் குடுப்பாரு?"

நல்லவேளை, அன்று எதிர் வண்டிக்கு டயர் வெடித்தது.

வெள்ளை வேட்டி

மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். பெண் பார்க்கப் போன ஓர் இளைஞரும், சலவை மடிப்புக் கலையாத உடுப்போடு அடுப்புப் பக்கமாய் நின்று தள்ளினார். மேடு ஏறி முடித்தபோது பல்லைத் தவிர வெள்ளை எதுவும் மிச்சமில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

"பொண்ணு ஊட்டுல கேட்டா, பஸ் கம்பெனில உத்தியோகம்னு சொல்லிக்கறனுங்க."

உத்தரவு

பிறகு அந்த நாள் வந்தது. கருப்பனார் கோயிலுக்குக் கிடா வெட்டப் போகிற ஒரு குடும்பம் வண்டி நிறைய ஏறியிருந்தது. கிடா மேலே, கூரையில். கோயில் மேட்டின் பாதியில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் எதிர் வண்டி வந்து நின்று, "எல்லாரும் இங்க வாங்க" என்று கூப்பிட்டது. கூட்டம் மூட்டையைத் தூக்கியது. போச்சு என்று நினைத்தேன். கை மட்டும் சக்கரத்தை விடாமல் சுற்றியது.

"இந்த வண்டிலயே போறதுக்குச் சாமிகிட்ட உத்தரவு கேட்டுப் போடலாம்" என்றார் குடும்பத்துப் பெரியவர். எங்கள் பக்கத்தில் கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி சம்மதித்ததாக அர்த்தம்; அதுவரை ஒருவரும் அசையக் கூடாது. பெரியவர் கிடாவை விட்டுவிட்டு எங்கள் பஸ்ஸின் மூக்கில் செம்பைக் கவிழ்த்தார். எதிர் வண்டி டிரைவரும் எஞ்சினை அணைத்து, இறங்கிக் கைகூப்பினார். சாமியைக் கேட்கும்போது தாண்டிப் போக அவருக்கும் தைரியமில்லை.

மாரப்பண்ணன் முன்னால் போய் எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினார். தலைவிளக்கிலிருந்து ஏணி வரை எங்கள் வண்டி கடகடவென்று உதறிக்கொண்டு கிளம்பியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்ப ஏறியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது; கரிப்புகை என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் முதல் அந்த மேட்டில் எல்லா பஸ்ஸுக்கும் மஞ்சள் தண்ணீர். எதிர்க் கம்பெனியின் புது எஞ்சின் எத்தனை செம்பு ஊற்றியும் ஆடாமல் அசையாமல் ஓடியது. அதிலிருந்து இறங்கி எங்களிடம் வந்த ஒருவர் சொன்னார்:

"அது சிலுப்ப மாட்டேங்குதுங்க. உத்தரவில்லாத வண்டில எப்படிங்க போறது?"

அதற்குப் பிறகு எங்கள் எஞ்சினைப் பழுது பார்க்கிறேன் என்று வந்த ஒரு மெக்கானிக்கையும் முதலாளி கிட்டே சேர்க்கவில்லை.