பத்து நிமிஷம் வேகம்

நான் வேலை பார்க்கும் பட்டுச் சேலைக் கம்பெனியில் நான்கு சுவர்க் கடிகாரங்கள் இருந்தன. ஆபீஸில் ஒன்று, கடையில் ஒன்று, நூல் சுற்றும் ஷெட்டில் ஒன்று, கோடவுனில் ஒன்று. எல்லாமே வேகம். செல் மாற்றுகிறவர் யாராக இருந்தாலும் முள்ளைப் பத்து நிமிஷம் தள்ளித்தான் வைப்பார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் கம்பெனியில் ஒன்று எட்டு நிமிஷம் வேகம், இன்னொன்று பன்னிரண்டு. யார் நேரத்துக்கு வந்தது, யார் தாமதமாக வந்தது என்று தினமும் காலையில் வாக்குவாதம் நடக்கும்.

"எல்லா ரூம்லயும் ஒரே டைம் காட்டணும்மா. வைஃபைல ஓடுற கடிகாரம் வந்திருக்காமே, நீ பாத்து வாங்கு. படிச்ச பொண்ணு நீ. வெல மட்டும் கையக் கடிக்கக் கூடாது," என்றார் முதலாளி.

இரண்டு வாரம் அதே வேலையாக இருந்தேன். ஒவ்வொரு கடிகாரத்துக்கும் தனி ஒயர் இழுக்கும் வகை ஒன்று. சுவரையெல்லாம் உடைக்கணும், வேண்டாம். வைஃபையில் ஓடுவதில் இரண்டு. விலை கூடியதில் நம் விருப்பப்படி நேரத்தை முன்னே பின்னே தள்ளிவைக்கலாம். விலை குறைந்தது சரியான நேரத்தை மட்டும் காட்டும். நேரம் தள்ளும் வசதிக்கு எதிரே என் நோட்டில் 'தேவையில்லை' என்று எழுதினேன். தப்பான நேரம் யாருக்கு வேண்டும்? கடைக்காரரைக் கேட்டேன், வீட்டுக்காரரைக் கேட்டேன், முன்பின் தெரியாதவர்கள் எழுதிய ரிவ்யூக்களைக் குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டே படித்தேன். ஷெட்டில் இருக்கிற ஆறு பேரை மட்டும் கேட்கவில்லை.

கடிகாரங்களை மாட்டிய அன்று நான்கும் ஒரே நேரம் காட்டின. முதலாளி ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பரவால்லம்மா," என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

அன்று மாலைதான் உறைத்தது. பழைய கடிகாரத்தில் ஐந்தரை என்றால் நிஜத்தில் ஐந்து இருபது. அப்போது கிளம்பினால்தான் குழந்தைகள் காப்பகம் மூடுவதற்குள் என் பையனைக் கூட்டிவர முடியும். முதலாளியிடம் போய் நின்றேன். "பையன் தனியா இருப்பான் சார், ஒரு பத்து நிமிஷம் முன்னாடி..." முடிக்கக்கூட இல்லை. "போய்ட்டு வாம்மா," என்றார்.

ஷெட்டைக் கடந்துதான் ஸ்கூட்டியை எடுக்க வேண்டும். அங்கே ராட்டைகள் சுற்றிக்கொண்டிருந்தன. சந்தவாசலிலிருந்து பஸ்ஸில் வரும் அக்கா தலையைத் தூக்கிச் சிரித்தார்.

"இன்னா மேடம், பழைய கடிகாரத்துல இருந்த பத்து நிமிஷத்த எங்க வச்சே?"

எல்லோரும் சிரித்தார்கள். "அது நெட்ல இருந்து தானா வர்ற டைம்க்கா, நம்ம கையில இல்ல," என்றேன். பொய்யில்லைதான். ஆனாலும் வேகமாக நடந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள். ஹெல்மெட் மாட்டும்போது அந்த அக்கா ஷெட்டிலிருந்து ஓடிவந்தார்.

"செல்லு கொஞ்சம் குடும்மா. என்னுதுல சார்ஜ் இல்ல."

கொடுத்தேன். என் பக்கத்திலேயே நின்று பேசினார். "அண்ணா, இன்னைக்கும் லேட்டு தாங்கண்ணா. பாப்பாவ கடைக்கு உள்ள உக்கார வைங்க. ரோட்டுக்கு விடாதீங்க."

ஸ்கூல் வேன் இறக்கிவிடும் இடத்தில் இருக்கும் டீக்கடைக்குத்தான் போன் செய்திருந்தார். செல்லைத் திருப்பித் தரும்போது அவரே சொன்னார். இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள். ஐந்தே முக்காலுக்குப் புறப்படும் பஸ்ஸைப் பிடித்துவிட்டால் வேன் வரும்போது அம்மா அங்கே இருப்பார். பஸ் ஸ்டாண்டுக்கு இருபது நிமிஷ நடை, ஐந்தரைக்கு ஷெட்டை விட்டு நடந்தால் அந்த பஸ் கிடைக்காது. அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து. ஐந்து நாளாக அந்தக் குழந்தை டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறது.

அப்போதே ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. மணி ஐந்து இருபத்திரண்டு ஆகியிருந்தது. என் பையன் கண்முன் வந்தான். வண்டியைக் கிளப்பினேன்.

மறுநாள் காலை முதலாளியிடம் சொன்னேன். பஸ் எப்படியும் எட்டரைக்கே வந்துவிடுகிறது, அதனால் ஷெட் வேலையை எட்டு ஐம்பதுக்குத் தொடங்கி ஐந்து இருபதுக்கு முடித்துக்கொள்ளலாம், பழைய கடிகாரப்படி நடந்ததும் அதுதான் என்றேன். அவர் பில் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்படியே வச்சிக்கச் சொல்லு. இத மொத நாளே சொல்றதுக்கு இன்னா?"

ஷெட்டுக்குப் போய்ச் சொன்னேன். அக்கா நூலைக் கையில் பிடித்தபடியே கேட்டார். நானாகவே, "முன்னாடியே நீங்க கேட்டிருக்கலாமேக்கா," என்று ஆரம்பித்தேன். தப்பை அவர் பக்கம் தள்ளப் பார்த்தேன் என்பது சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"எங்களுக்கும் பத்து நிமிஷம் வேணும்னு மொதலாளிகிட்ட போய் நின்னா, யாருக்கும் கெடையாதுன்னுட்டா? உன்னுதும் பூடும். உனுக்கும் சின்ன புள்ள கீதில்ல. அதான் சும்மா இருந்துகினோம்," என்றார்.

இப்போது எல்லோரும் ஐந்து இருபதுக்கே கிளம்புகிறோம். பஸ் ஸ்டாண்டு வழியாகத்தான் நானும் போகிறேன். ஸ்கூட்டியின் பின்சீட் காலியாகத்தான் இருக்கிறது. ஏறிக்கொள்ளுங்கள் என்று அந்த அக்காவைக் கூப்பிட இன்னும் எனக்கு வாய் வரவில்லை.