ஆட்டுப்பட்டி நாற்றமும் அம்மோனியா அளவும்

பொய் சொன்னது நீங்கள்தான், மேனேஜர் சார். தண்ணீரில் காட்டிய அம்மோனியா என் புடவையிலிருந்து வரவில்லை.

ஆலங்காயம் தாண்டி இருக்கும் ஆலையில் பாய்லருக்குப் போகும் தண்ணீரைச் சோதிப்பது என் வேலை. உப்பெல்லாம் எடுத்த தண்ணீர். அதில் அம்மோனியா இருந்தால் துளியிலும் துளிதான். பீக்கரில் காஸ்டிக் சோடா விட்டால் அந்த அம்மோனியா வாயுவாகப் பிரிந்து, மீட்டரோடு இணைத்த எலக்ட்ரோடின் நுனியில் உள்ள சவ்வு வழியே உள்ளே போகும். இவ்வளவு குறைந்த அளவில் மீட்டரில் எண் நிற்க இருபது நிமிடம்கூட ஆகும். அதுவரை கதவைத் திறக்கக் கூடாது. காற்றில் இருப்பதையும் தண்ணீர் இழுத்துக்கொள்ளும். மலைமேல் இருக்கும் என் ஊருக்குக் கடைசி பஸ் ஐந்து மணிக்கு. நான்கரைக்கும் எண் நகர்ந்துகொண்டே இருந்தால் அந்தப் பெட்டி போன்ற அறையில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. உங்களிடம் கார் இருக்கிறது.

அந்த வாரம், ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் சுத்தத் தண்ணீரிலேயே அம்மோனியா காட்டியது. ஷிஃப்ட் ஆட்கள் எல்லாரும் நிற்கும்போது உங்களிடம் சொன்னேன்.

"ஏம்மா, வூட்ல எத்தினி ஆடு?"

"ஆறு, சார்."

"அதான். பட்டிய அப்படியே துணியில சுருட்டிக்கினு வந்துட்டே. மீட்டர் இன்னா பண்ணும்?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆட்டு மூத்திர நாற்றத்திலும் அம்மோனியா உண்டு; அன்று காலை பட்டியைக் கூட்டிவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தேன். அதனால் ஒரு நிமிடம் நானே நம்பிவிட்டேன். அதுதான் இன்னும் எரிகிறது. ஐந்து நாள் ஆலைக் குளியலறையில் குளித்து, வேறு துணி மாற்றிக்கொண்டு எலக்ட்ரோடைத் தொட்டேன். எண் இறங்கவில்லை. பதிவேட்டில் 'சோதிப்பவர் சுத்தமில்லை' என்று எழுதினீர்கள். இந்த மாதம் என் ஒப்பந்தம் முடிகிறது. அந்த வரியைப் பார்த்துத்தான் வேலையை நீட்டிப்பதா என்று முடிவு செய்வார்கள்.

ஆறாவது நாள் மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் வரவில்லை. எனக்குப் பதிலாக, பக்கத்து மேசையில் வேலை செய்யும் வாணியம்பாடிப் பெண் சோதித்தாள். மறுநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, நீங்க வராத அன்னிக்கும் அதே நம்பர்தான். எங்க வூட்ல ஆடுமில்ல, கோழியுமில்ல. நம்ம ரூம் சுவத்துக்குப் பின்னாடி போய்ப் பாத்தேன். துரு புடிக்காம இருக்க, டெஸ்டுக்கு அப்புறமா பாய்லர் தண்ணில ஊத்துற அம்மோனியா ட்ரம்ம அங்க வெச்சிருக்காங்க. மூடி லூஸு. நேரா நம்ம ஜன்னல் இடுக்கு வழியாத்தான் உள்ள வருது."

அவள் உங்களிடமும் சொல்லியிருந்தாள். அன்று மாலையே ட்ரம் இடம் மாறியது. எண்ணும் இறங்கியது. ஆனால் பதிவேட்டில் அந்த வரி அப்படியே இருக்கிறது.

தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம். திங்கட்கிழமைக் கூட்டத்தில், அன்று சிரித்த எல்லாரும் இருக்கும்போது பதில் சொல்லுங்கள். ட்ரம்மை அந்தச் சுவரோரம் வைக்கச் சொன்னது யார்? அந்த வரியை உங்கள் கையாலேயே அடிப்பீர்களா, மாட்டீர்களா?