நல்லம்மாவின் நாற்பது ‘இல்லீங்க’

மாத்தளைக்கு மேலே ஒரு ரப்பர்த் தோட்டம். பால்வெட்டப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொண்டவள் நல்லம்மா. ஒரே மகன் அழகையாவுக்கு இந்தியா போக அரசாங்கச் சீட்டு வந்தது, அவளுக்கு வரவில்லை. தலைமன்னாரில் அவனைக் கப்பலேற்றிவிட்டு வந்த நாளிலிருந்து அவளுக்கு எதுவும் மனதில் உறைப்பதில்லை. சோறு தின்றாளா என்றால் தின்றாள், அவ்வளவுதான்.

எழுபதாம் ஆண்டு, பல்கலைக்கழகத்திலிருந்து கைறுன்னிஸா என்ற பெண் நாற்பது கேள்விகளோடு வந்தாள். எல்லாம் குணத்தைப் பற்றியவை. தாளில் சொன்னபடி மனிதர்கள் நடக்கிறார்களா என்று பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. சொன்னால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யார் நம்புவார்கள்? தாளும் பேனாவுமாக யார் வந்தாலும் அது இலங்கைக் குடியுரிமைக்கான பிரசாவுரிமை விசாரணைதான். நாகமுத்துக் கங்காணி நாற்பதுக்கும் ‘ஆமாங்க’ என்றார். கோபம் வந்தால் பெண்சாதியை அடிப்பீர்களா என்றதற்கும் அதே ஆமாங்க. லயமே அவர் வழியில் போனது.

நல்லம்மா மட்டும் போகவில்லை.

“அடுத்தவங்க அழுதா ஒங்களுக்கு மனசு இளகுமா?”

“இல்லீங்க மிஸ்.”

“பசின்னு வந்தவங்களுக்கு ஒங்க சோத்தக் குடுப்பீங்களா?”

“இல்லீங்க.”

அதன்பிறகு இரண்டு வாரம் கைறுன்னிஸா குறிப்பெழுதும் கொப்பியும் கையுமாகப் பிள்ளைக்காம்பராவில் உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல்காரப் பிள்ளையை நல்லம்மா நாள் முழுக்க இடுப்பை விட்டு இறக்கவில்லை. தன் ரொட்டியைப் பிய்த்து ஊட்டினாள். நாகமுத்துவின் பெண்சாதி வீங்கிய கன்னத்தோடு வந்தபோது மஞ்சள் பற்றுப் போட்டாள். இரக்கம் என்று ஒன்றும் அவளுக்குத் தோன்றவில்லை. கை செய்தது.

கடைசி நாள் கைறுன்னிஸா கேட்டாள்: “நல்லம்மாக்கா, தாளப் பாத்தா ஒங்களவிடக் கல்நெஞ்சு யாருமில்ல. நான் கண்ட நல்ல காரியத்த எழுதின கொப்பியில ஒங்க பேர்தான் அதிகம். ஏன் எல்லாத்துக்கும் இல்லன்னீங்க?”

“பிரசாவுரிமை விசாரணையில ஒரு ஐயா கேட்டாரு மிஸ், நடுவுல இந்தியா போனியான்னு. எங்காத்தா சாகக் கெடந்தப்ப போயி ஒன்றர வருஷம் பாத்தேன். ஆமாங்கன்னேன். அந்த ஒரு ஆமாங்கவாலதான், இங்கயே தொடர்ந்து இருக்கலன்னு, உரிம இல்லன்னுட்டாங்க. புள்ளயவும் அனுப்பிட்டாங்க.”

மடியிலிருந்த பிள்ளையின் மூக்கை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

“இந்தத் தடவ ஒரு ஆமாங்ககூடச் சொல்லல மிஸ். இனி அழகையாவத் திருப்பி அனுப்பிருவாங்களா?”

நல்லம்மா நாற்பது தடவை சொன்ன சொல்லைக் கைறுன்னிஸாவால் ஒரு தடவை சொல்ல முடியவில்லை. வேலை முடியும் மணியடிக்கும்வரை நல்லம்மா பதிலுக்காகக் காத்திருந்தாள்.