நாற்பத்திரண்டாவது தூக்குவாளி

போன வருடம் புரட்டாசி மாதம், ஒரு மதியம். திருத்தங்கலைத் தாண்டி விருதுநகர் ரோட்டில் தோளில் ஒரு பையோடு நடந்துகொண்டிருந்தேன். பையில் இரண்டு சட்டை, ஒரு கைலி, பல் விளக்குகிற பிரஷ், அவ்வளவுதான். பின்னால் வந்த மூன்று பஸ்ஸும் வேகத்தைக் குறைத்து, நான் கை காட்டாததைப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. டிக்கெட்டுக்குக் காசு இருந்தது. உட்கார்ந்தால் யோசிக்க வேண்டி வரும் என்றுதான் நடந்தேன். அதே ரோட்டில் எதிர்ப்பக்கமாக ஒரு மணி நேரம் நடந்திருந்தால் நான் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியின் கேட் வந்திருக்கும். அங்கே போய் நான் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் திரும்பவில்லை.

நான் பாலிடெக்னிக்கில் முதல் வருடத்தோடு நின்றவன். அதற்குப் பிறகு திருப்பூரில் பனியன் மடித்தேன், லாரியில் கிளீனராகப் போனேன், ஓட்டலில் மாவாட்டினேன். எந்த ஊரிலும் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. திருத்தங்கலில் காலண்டர் அடிக்கும் ஒரு பிரஸ்ஸில் பேப்பர் கட்டு தூக்கப் போனவன், எப்படியோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அங்கே என் வயதுக்காரன் ஒருத்தன் பெர்ல் எழுதுவான். கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லுகிற பழைய மொழி அது. பெயர்ப் பட்டியல்களைப் பிரித்து, சேர்த்து, அடுக்கித் தருவதில் கெட்டி. எந்தக் கடைக்கு எத்தனை காலண்டர், அடியில் என்ன பெயர் என்பதையெல்லாம் அதில்தான் அவன் பிரிப்பான். பார்த்துப் பார்த்து நானும் கற்றுக்கொண்டேன்.

ஆரம்பத்தில் எல்லோருக்கும் வருகிற தொல்லை எனக்கும் வந்தது. ஏழாவது வரியின் முடிவில் அரைப்புள்ளி விட்டுப்போனால், எட்டாவது வரியில் தப்பு என்று அது சொல்லும். நான் எட்டாவது வரியையே அரை நாள் முறைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். எண்ணை எண்ணோடு ஒப்பிட ஒரு குறி, எழுத்தை எழுத்தோடு ஒப்பிட வேறு குறி என்பது தெரியாமல், எல்லாக் கடைப் பெயரும் ஒன்றுதான் என்று அது சொன்னதை நம்பி, ஒரே ஜவுளிக்கடையின் பெயரில் முந்நூறு ஷீட் ஓட்டிவிட்டேன்.

"ஏலே, அந்த ஜவுளிக்கடைக்காரரு உனக்கு மாமனாரா?" என்று அவன் கேட்டதில் பிரஸ்ஸே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இனி யாரிடமும் சந்தேகம் கேட்கக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். எனக்கு வந்த கேடு அங்கேதான் தொடங்கியது என்று இப்போது நினைக்கிறேன்.

அங்கிருந்து சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போனேன். ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. கேட்டில் ஒரு வருகை மெஷின் வைத்திருந்தார்கள். உள்ளே வரும் ஒவ்வொருவரும் அட்டையைக் காட்டினால் நேரம், பெயர், டோக்கன் நம்பர் என்று ஒரு வரி பதிவாகும். காலையில் எந்த ஆள் எந்த ரூமில் என்பதை சூப்பர்வைசர் அக்கா சொல்லச் சொல்ல, டோக்கன், பெயர், ரூம் என்று நான் தனியாக டைப் அடிப்பேன். இந்த இரண்டையும் சேர்த்து, இன்றைக்கு உள்ளே இருப்பது யார் யார், எந்தெந்த ரூமில் என்று ஒரே தாளில் வேண்டும் என்றார் மேனேஜர். ஏதாவது ஆனால் கேட்டில் நின்று கூப்பிட்டு சரிபார்க்க அந்தத் தாள். பெர்லில் ஒரு மணி நேர வேலை.

எனக்கு இரண்டு நாள் ஆனது. டோக்கன் நம்பரை வைத்துத்தான் பொருத்திப் பார்த்தேன். பொருந்தவே இல்லை. இந்தப் பட்டியலிலும் 214, அந்தப் பட்டியலிலும் 214. திரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தால் அச்சு அசலாக ஒன்று. ஆனால் பெர்ல் இல்லை என்றது. திருத்தங்கலுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். மாமனார் பேச்சு ஞாபகத்துக்கு வந்தது. போடவில்லை.

மூன்றாம் நாள், டோக்கனை விட்டுவிட்டுப் பெயரை வைத்துப் பொருத்தினேன். உடனே வந்துவிட்டது. முப்பத்தெட்டு பேர், ரூம் வாரியாக, அழகாக. ஏன் அது வரவில்லை, இது மட்டும் ஏன் வந்தது என்று நான் யோசிக்கவில்லை. பிரிண்ட் எடுத்து மேனேஜரிடம் நீட்டினேன். அவர் தலையாட்டினார். அதோடு விட்டேன்.

தீபாவளி சீசன் நெருங்க ஆள் கூடியது. நாற்பத்தொன்று வரை வந்தது. ஒரு திங்கட்கிழமை புதிதாக ஒரு பெண் வந்தார். ஏற்கெனவே தரைச்சக்கரம் சுற்றும் ரூமில் இருந்த ஒரு அம்மாவுக்கும் இவருக்கும் ஒரே பெயர். இந்தப் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் பெயர்தான். புதியவரை, மருந்து அடைத்த பட்டாசுத் தட்டுகளைக் கொண்டுபோய்ப் பின்பக்கத்து மேடையில் காயப்போடுகிற வேலைக்கு விட்டார்கள். தனியாகச் செய்கிற வேலை.

மறுநாள் சூப்பர்வைசர் அக்கா என் தாளைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, போன வாரமும் நாப்பத்தொண்ணு, இந்த வாரமும் நாப்பத்தொண்ணா? நேத்து ஒரு பிள்ளை புதுசா வந்திருக்கே" என்றார்.

"கம்ப்யூட்டரை விட நல்லா எண்ணுவீகளோ?" என்றேன்.

"அம்மாடி, எனக்கு இருக்கிறது பத்து விரலு. அதை வச்சு இத்தனை வருசமா எண்ணுறேன். நீயே பாத்துக்கோப்பா" என்று சிரித்துக்கொண்டே போனார். நான் பார்க்கவில்லை.

அந்த சனிக்கிழமை, பதினோரு மணி இருக்கும், பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற ரூமில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த இரண்டு பேரும் பாய்ந்து வெளியே வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் ரூம் வெடித்தது. கூரை தூக்கிக்கொண்டு போனது. பழகிய ஆட்கள் என்பதால் எல்லோரும் செருப்பைக்கூட எடுக்காமல் கேட்டுக்கு ஓடினார்கள். நான் தாளோடு ஓடினேன்.

கேட்டில் நின்று, ரூமைச் சொல்லாமல், ஒவ்வொரு பெயராக வாசித்தேன். "இருக்கேன்", "இருக்கேன்" என்று குரல் வந்தது. அந்தப் பெயரையும் வாசித்தேன். சக்கர ரூம் அம்மா, "இங்கன இருக்கேன்யா" என்று கை தூக்கினார். டிக் போட்டேன். நாற்பத்தொரு பெயர், நாற்பத்தொரு டிக். தீயணைப்பு வண்டியில் வந்த அதிகாரி, "உள்ள யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். நான்தான் முன்னால் போய், "எல்லாரும் வெளிய வந்தாச்சு சார்" என்றேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவர்கள் தீயை அணைக்கிற வேலையை மட்டும் பார்த்தார்கள். ஆளைத் தேடவில்லை.

ஒரு மணி வாக்கில், அவரவர் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். தூக்குவாளிகளைக் கேட் பக்கத்து ஷெட்டில் கம்பியில் மாட்டி வைப்பது வழக்கம். ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு போனார்கள். கடைசியில் மூடியில் பச்சை நூல் கட்டிய வாளி ஒன்று மட்டும் தொங்கியது.

"இது யாருது?" என்றார் சூப்பர்வைசர் அக்கா. நின்றவர்கள் கையில் எல்லாம் அவரவர் வாளி இருந்தது. அக்கா மூடியைத் திறந்து பார்த்தார். தொடாத சோறு. "ஏலே, வாளி இருக்கு, ஆளு எங்கலே?" என்று கத்தியவர் யாருக்காகவும் நிற்காமல் பின்பக்கம் ஓடினார். வேண்டாம் என்று தடுத்தவர்களை உதறிவிட்டு ஓடினார்.

காயப்போடும் மேடைக்குப் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம், சீமைக்கருவேல முள்ளுக்குள் பள்ளத்தில் கிடந்தார் அந்தப் பெண். வெடித்ததும் கையில் இருந்த தட்டில் தீப்பொறி விழுந்திருக்கிறது. வலது கை வெந்துபோய், கேட் பக்கம் வர வழியில்லாமல் வேலியைத் தாண்டிக் குதித்ததில் கால் முறிந்திருக்கிறது. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போயிருந்தது. வெடிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? இரண்டு மணி நேரம் அந்த வெயிலில் கிடந்திருக்கிறார்.

உயிர் பிழைத்தார். இரண்டு விரல் இனி மடங்காது என்றார்கள். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கம்பெனியிலருந்து நீங்க ஒருத்தராவது வந்தீகளே, சாப்பிட்டீகளா?" என்று கேட்டார். வாங்கிப் போன பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நடந்தது என்ன என்று எனக்கு அந்த சனிக்கிழமை சாயங்காலமே தெரியும். மெஷினில் நாற்பத்திரண்டு வரி இருந்தது. என் தாளில் நாற்பத்தொன்று. நான் எழுதிய முறையில், ஒரு பெயருக்கு ஒரு இடம்தான். அதே பெயரில் இன்னொருவர் வந்தால், முதல் ஆள் இருந்த இடத்தில் அவரை உட்கார வைத்துவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. எண்ணிக்கை கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. இரண்டு பெண்கள் என் தாளில் ஒருத்தியாகிவிட்டார்கள்.

திங்கட்கிழமை மேனேஜர் ரூமில் விசாரித்தார்கள். ஆளை எண்ணிப் பார்க்க வேண்டியது சூப்பர்வைசர்தானே என்று அந்த அக்காவைப் பிடித்துக்கொண்டார்கள். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உன் தாள்ல எம்புட்டுப் பேரு?"

"நாப்பத்தொண்ணு."

"மெஷின்ல?"

எனக்குத் தெரியும். "தெரியலக்கா, பாக்கணும்" என்றேன்.

அக்கா என்மேல் கோபப்படவில்லை. அப்புறம் மேனேஜரிடம், "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுத் தன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அக்கா இனி வேலைக்கு வர வேண்டாம் என்று அதற்குப் பிறகுதான் மேனேஜர் வாயால் சொன்னார். அந்த ரூமில் நான் ஒரு வரி சொல்லியிருந்தால் அக்காவின் வேலை போயிருக்காது. என் வேலை போயிருக்கும். எனக்கு வேலை போவது புதிதல்ல. போலீஸ், கேஸ் என்று ஆகிவிடுமோ என்ற பயம்தான் வாயைக் கட்டியது.

மறுநாள் காலையில் என் பையை எடுத்துக்கொண்டு திருத்தங்கல் பிரஸ்ஸுக்குப் போனேன். கம்பெனியில் எழுதியதையும் அந்த சனிக்கிழமைப் பட்டியல்களையும் ஒரு பென் டிரைவில் கொண்டுபோயிருந்தேன். நடந்தது எதையும் சொல்லாமல், டோக்கன் நம்பர் ஏன் பொருந்தவில்லை என்று மட்டும் கேட்டேன். பெர்ல் எழுதுகிறவன் டீயைக் கீழே வைக்காமலே ஒரு பார்வை பார்த்தான்.

"ஏலே, சாம்ப் போடலையா?"

வரியின் கடைசியில், அடுத்த வரிக்குப் போ என்று சொல்லும் ஒரு எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். மெஷின் தருகிற வரியில் டோக்கன் நம்பர் கடைசியில் இருந்தது. அதனால் அது வெறும் 214 இல்லை, வால் ஒட்டிய 214. பெயர் நடுவில் இருந்தது, அதனால் அதற்கு வால் இல்லை. வரியைப் படித்ததும் சாம்ப் என்ற ஒரு வார்த்தையைப் போட்டால் அந்த வால் உதிர்ந்துவிடும். அவன் ஒரு கையால் அதை அடித்தான். ஓட்டினான். நாற்பத்திரண்டு பேர் வந்தார்கள். ஒரே பெயர் இரண்டு தடவை, பக்கத்தில் வேறு வேறு டோக்கன், வேறு வேறு ரூம்.

"மொத வாரத்துலயே எல்லாப் பயலும் விழுற குழிலே இது. ஒரு போன் அடிச்சிருந்தா சொல்லியிருப்பேன்ல" என்று சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னலே, யாராவது திட்டிட்டாகளா?" என்றான். இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இந்த மொழியைப் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிவது ஒன்றுதான். தப்பு வந்தால் பயமில்லை, அது நம்மை நிறுத்திவிடும். காரணம் தெரியாமல் சரியாக வந்த விடைதான் ஆளைக் கவிழ்க்கும்.

பிரஸ் வாசலில் நின்றேன். இடது பக்கம் சிவகாசி, வலது பக்கம் விருதுநகர். வலது பக்கம் நடந்தேன். ஆமத்தூர் வரை நடந்து, கால் வலித்ததும் பஸ் ஏறி, விருதுநகரில் மாறி, காரியாபட்டி போய் இறங்கினேன். அங்கே எனக்கு யாரும் இல்லை. யாரும் இல்லாத ஊராகத்தான் தேடினேன்.

மறுநாள் காலை டீக்கடையில் ஒரு டிரைவர், மில்லுக்குப் பெண்களை ஏற்றிப் போகும் வேனுக்குக் கிளீனர் வரவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார். நான் வரேன் என்றேன். "ஒண்ணும் பெரிய வேலை இல்லப்பா. ஏறுற ஆளை எண்ணி எனக்குச் சொல்லணும், கதவைச் சாத்தணும்" என்றார். முதல் ஊரில் ஆறு பேர் ஏறினார்கள். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, பெயர் கேட்டு, ஊர் கேட்டு எண்ணினேன். அடுத்த ஊரில் ஏறியவர்களோடு சேர்த்து முதலிலிருந்து மறுபடி எண்ணினேன்.

"ஏம்ப்பா, மொய் எழுத வந்தியா, வண்டிக்கு வந்தியா?" என்றார் டிரைவர். வேனில் எல்லோரும் சிரித்தார்கள். பத்தொன்பது என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

இன்றைக்கும் அந்த வேலையில்தான் இருக்கிறேன், ஒரு நாள்கூட எண்ணிக்கை தப்பியதில்லை; ஆனால் நீங்கள் எண்ணியதுதான் சரி என்று சொல்ல வேண்டிய அந்த அக்காவிடம் அதைச் சொல்லாமல், வேறு யாரையோ எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்பது தினமும் வேன் கதவைச் சாத்தும்போது நினைவுக்கு வருகிறது.