கட்டிலுக்கு மேலே இருந்த கல்

உங்களுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெண்பிள்ளை இருந்தாள். அவளைப் பற்றிக் கேட்டால் உங்கள் அம்மா அடுப்படிக்குப் போய்விடுவாள். அதனால் நான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் ஒரு ஐப்பசி. சோழவந்தானில் விடாத மழை. பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல் என்று சொல்லி மதுரைக்கு அனுப்பினார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தது வெள்ளைக்காரன் காலத்து ஆஸ்பத்திரி. கட்டின புதிதில் கத்திக்கும் ஊசிக்கும் பயந்து ஜனங்கள் வாசலோடு திரும்பிவிடுவார்களாம். வசதியானவர்கள் ஆளுக்கொரு கட்டில் தருமம் கொடுத்து, அதற்கு நேர் மேலே சுவரில் கல் பதித்திருக்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்த கட்டிலுக்கு மேலேயும் ஒரு கல் இருந்தது.

"கவலப்படாத தாயி," என்றார் வார்டு ஆயா. "அந்தக் காலத்துல ஒரு யாவாரி மகன் இங்கன கெடந்து பொழச்சு எந்திரிச்சுப் போனான். அந்தச் சந்தோசத்துல வச்ச கல்லு."

உங்கள் அம்மா அதைத் தொட்டுக் கும்பிட்டாள். மற்ற தாய்மார்களும் வந்து தொட்டார்கள். "ஒனக்கென்ன, ராசிக் கட்டிலு. எம் மகனுக்குச் சன்னலோரம், சாரலுதான் அடிக்குது," என்று பக்கத்துக் கட்டில்காரி சீண்டினாள். அம்மாவுக்கு அன்றைக்குத்தான் சிரிப்பு வந்தது.

அவள் பாத்திரம் கழுவப் போன நேரத்தில் கல்லைத் துடைத்துப் பார்த்தேன். குங்குமம் அப்பிய பழைய எழுத்து. எட்டாவது படித்தவன், கூட்டிக் கூட்டித்தான் படித்தேன். பையன் பிழைக்கவில்லை. இறந்துபோன மகனின் நினைவாக, இனி வரும் பிள்ளைகளாவது பிழைக்கட்டும் என்று பெற்றவர்கள் கொடுத்த கட்டில் அது.

ஆயாவிடம் மெதுவாகக் கேட்டேன். "தெரியும்ணே. எனக்கு முந்தி இருந்த ஆயாவும் இப்படித்தான் சொல்லும். வந்தவுககிட்ட வேற என்னத்தச் சொல்ல?" என்றார். நானும் அம்மாவிடம் சொல்லவில்லை.

மறுநாள் பிள்ளை கண் திறந்து, "ப்பா, தண்ணி" என்றாள். பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தேன். அதற்குப் பிறகு பேசவில்லை. அடுத்த நாள் மத்தியானம் நர்ஸம்மா வந்து நாடி பார்த்துவிட்டு, மூக்கில் இருந்த குழாயைக் கழற்றினார்.

நான் கார் பேசிவிட்டு வந்தபோது அந்தக் கட்டிலில் வேறு விரிப்பு போட்டு, வேறொரு பிள்ளையைப் படுக்க வைத்திருந்தார்கள். அதன் தாய் சின்னப் பெண். கல்லைக் காட்டி, "இதுல என்னக்கா எழுதியிருக்கு?" என்று கேட்டாள். ஆயா எங்களைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார்.

உங்கள் அம்மாதான் பதில் சொன்னாள். "பொழச்ச பிள்ளைக்கு வச்ச கல்லும்மா. தொட்டுக் கும்பிட்டுக்க."

உங்கள் அம்மாவுக்கும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். அந்தக் கல்லை எப்போது படித்தாள் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

அந்தப் பெண், உங்கள் அம்மாவின் தோளில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். "தூங்குதாக்கா?"

"ஆமா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்."

வராந்தா முடிகிற வரைக்கும் அம்மா பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே நடந்தாள்.